கதவில்லாத லாட்ஜ்

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் நிற்கிறது அந்தப் பழைய மாடி லாட்ஜ். அறைக்கு ஓர் அடுப்படி வைத்து, மாத வாடகைக்குக் குடும்பங்களைத் தங்கவைத்த லாட்ஜ் ஊரில் இதுதான் முதலாவதாம். தாளிக்கும் வாசனை தெருவரை வருகிறது. வாசலில் இரண்டு ஆள் உயரத்துக்குத் தேக்கு நிலை. ஆனால் கதவு இல்லை. கீல் இருந்த தடம்கூட இல்லை. நம்ப முடியாமல் நிலையைத் தடவிப் பார்க்கிறேன். மாடியில் குடியிருக்கும் ஸ்டெல்லா சிரித்துக்கொண்டே இறங்கி வருகிறார்.

“கட்டுனப்பவே கதவு வெக்கலைங்க. சக்கரை மில்லுல ஷிப்டு முடிச்சிட்டு வர்றவங்க, மலையிலேர்ந்து எறங்குறவங்கன்னு எந்நேரமும் ஆளுங்க வந்துக்கினே இருப்பாங்களாம். யாரு எழுந்து தெறக்கிறது?”

“கொரோனா ஊரடங்கு அப்பவுமா?”

“சாத்தச் சொன்னாங்க. இன்னாத்த சாத்துறது? ரெண்டு பக்கமும் ஆணி அடிச்சி என் பொடவைய கட்டினேன். அன்னிக்கே வெள்ளிமலைக்கு பஸ் இல்லாம புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரு கைக்குழந்தையோட வந்து நின்னாங்க. அதே பொடவைய அவுத்து உள்ள தூளி கட்டிட்டோம்.”

ஆணிகள் இரண்டும் நிலையில் அப்படியே இருக்கின்றன.

“அவங்க எப்ப ஊருக்குப் போனாங்க?”

“எங்கங்க போனாங்க? என் பக்கத்து ரூமுதான் இப்ப அவங்க வூடு.”