நான் எழுதிய நூற்று நாற்பது

நம்பாவிட்டால் போகட்டும். இது எனக்கே நடந்தது. சொல்லத்தான் கூசுகிறது. காரைக்கால் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் நான் நர்ஸ். பேய் ராத்திரியில்தான் வரும் என்று நினைத்திருந்தேன். எனக்கு வந்தது பட்டப்பகலில்.

வலி எடுத்து வந்தவளின் வயிற்றில் அரை மணிக்கு ஒரு முறை டாப்ளர் கருவியை வைத்து, குழந்தையின் இதயத்துடிப்பை எண்ணி அவளுடைய ஷீட்டில் எழுத வேண்டும். ஆள் குறைவு, வேலை அதிகம். பல நாள் வைக்காமலேயே 140 என்று எழுதிவிடுவேன். நிமிடத்துக்கு 140 என்றால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

போன கார்த்திகையில் நெடுங்காட்டிலிருந்து மாரிக்கண்ணு வந்தாள். நடவு வேலைக்குப் போகிறவள். தலைப்பிரசவம். மத்தியானம் என்னைக் கூப்பிட்டு, "சிஸ்டர், புள்ள அசையற மாதிரியே தெரியலைங்க" என்றாள். வலி நேரத்தில் அப்படித்தான் இருக்கும், பேசாமல் படு என்று அதட்டினேன். சாயங்காலம் ஆறு மணிக்குப் பையன் பிறந்தான். அழவில்லை. ஷீட்டில் எல்லா இடத்திலும் 140. என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

இந்த ஐப்பசியில் ஒரு நாள், வெளியே அடைமழை. வார்டில் வடிவாம்பாள் என்ற ஒருத்தி மட்டும் அசந்து படுத்திருந்தாள். மணி 2.25. மேஜையில் உட்கார்ந்தபடியே, இரண்டரை மணிக்கு எழுத வேண்டிய 140-ஐ முன்னாலேயே எழுதினேன். ஆமாம், அதற்குப் பிறகும் நான் திருந்தவில்லை.

அப்போது கேட்டது.

டுக்டுக்... டுக்டுக்... டுக்டுக்...

மேஜை டிராயருக்குள் இருந்து. திறந்தேன். டாப்ளர்தான். உள்ளே பேட்டரி இல்லை. சுவர்க் கடிகாரம் நின்றுபோனதால், காலையில் நானேதான் அதைக் கழற்றிக் கடிகாரத்தில் போட்டிருந்தேன்.

சத்தம் மட்டும் வந்துகொண்டே இருந்தது.

கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். 140.

2.30. நூற்றுப் பத்து.

2.33. எழுபது.

டுக்... டுக்......

2.35.

நின்றுவிட்டது.

ஓடினேன். அலமாரியில் கிடந்த பழைய மரக்குழலை வடிவாம்பாள் வயிற்றில் வைத்துக் காதைக் கொடுத்தேன். எண்பதுதான். டாக்டரைக் கூப்பிட்டுக் கத்தினேன். 3.05-க்கு ஆபரேஷன் தியேட்டரில் பெண் குழந்தை அழுதது. எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள். எனக்குத் தலை நிமிரவில்லை.

மறுவாரம் மாரிக்கண்ணுவிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று நெடுங்காட்டுக்குப் போனேன். டீ போட்டுக் கொடுத்தாள். நான் வாயைத் திறக்கும் முன் அவளே சொன்னாள்.

"கடைசியா ஒதைச்சது ரெண்டு முப்பத்தஞ்சுக்குங்க. எதுக்கதான கடியாரம் இருந்துச்சு, பாத்துக்கிட்டே கெடந்தேன். அப்பறம் அசையவே இல்ல. அதத்தான் ஒங்ககிட்ட சொன்னேன்."

டீயைக் குடித்தேன். ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரிக்கு வந்து அவளுடைய பழைய ஷீட்டை எடுத்துப் பார்த்தேன். மூன்று, மூன்றரை, நான்கு... ஐந்தரை வரை ஆறு இடம்.

செத்த பிள்ளைக்கு ஆறு முறை 140 எழுதியிருக்கிறேன்.