கோரைப் பள்ளத்துப் பிரசவ விடுதி

சர்க்கார் செய்த தவறு என்று சொல்லிவிட முடிந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருக்கும். திட்டித் தீர்க்க ஓர் ஆபீசாவது கிடைத்திருக்கும். ஆனால் இடத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் நாங்கள். சுவர் எழுப்பியவர்கள் நாங்கள். அளந்த கயிற்றின் நடுவில் நின்றவன் நான்.

ஐம்பதுகளின் நடுவில் நடந்தது. மாமல்லபுரத்துக்கு வடக்கே, கடலுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் இடையில் எங்கள் கிராமம் இரண்டு துண்டாகக் கிடந்தது. கால்வாய்க் கரை மேட்டில் ஊர், கடலோர மணல்மேட்டில் மீனவர் குப்பம். ஊர்த்தெருவில் நான் மளிகைக் கடை வைத்திருந்தேன். இரண்டு பக்கத்தாரும் என்னிடம்தான் புளியும் மிளகாயும் வாங்கினார்கள். இரண்டு பக்கமும் எனக்குச் சொந்தபந்தம் கிடையாது. அங்கே இருந்த ஒரே முஸ்லிம் வீடு எங்களுடையது, எல்லோருக்கும் நான் 'பாய்'.

ஒரு பங்குனி மாதம் வளர்ச்சித் திட்ட ஆபீசிலிருந்து ஒருவர் சைக்கிளை ஓடத்தில் ஏற்றிக்கொண்டு கால்வாயைக் கடந்து வந்தார். "கட்டடத்த நீங்க கட்டிக் குடுங்க. படிச்ச மருத்துவச்சிய சர்க்கார் அனுப்பும். எங்க கட்டறது, உள்ள இன்னா வேணும்னு நீங்களே பேசி முடிவு பண்ணுங்க" என்றார். எங்களை அதுவரை யாரும் எதுவும் கேட்டதில்லை. வரி கேட்டிருக்கிறார்கள், ஓட்டு கேட்டிருக்கிறார்கள். 'உங்களுக்கு என்ன வேண்டும்' என்று கேட்டது அதுதான் முதல் தடவை. எங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

பெண்களையும் கேட்க வேண்டும் என்று அவர் கண்டிப்பாகச் சொன்னதால் அவர்களும் கூடினார்கள். ஒருத்தி வெந்நீர் அடுப்பு கேட்டாள். ஒருத்தி கட்டில் கேட்டாள். என் மனைவி கடைசியாக வாயைத் திறந்தாள்.

"கதவுக்கு உள்பக்கம் ஒரு தாப்பா வேணும். வூட்ல வலி எடுத்தா தெருவே வந்து எட்டிப் பாக்குது. அந்த நேரத்துக்காச்சும் நாம கதவச் சாத்திக்கணும்."

முதலில் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. எழுதிய பட்டியலில் தாழ்ப்பாள் முதலில் வந்தது. எங்களுக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம் ஆகியிருந்தது. அந்த மாதம்தான் அவளுக்கு நாள் தள்ளிப்போயிருந்தது, எனக்கே இன்னும் சொல்லவில்லை.

இடத்தில்தான் சண்டை வந்தது. ஊர்க்காரர்கள் கோயில் பக்கம் கட்ட வேண்டும் என்றார்கள். குப்பத்தார் தங்கள் பக்கம்தான் பிள்ளைப்பேறு அதிகம் என்றார்கள். மூன்று கூட்டம் போட்டும் முடியவில்லை, எழுதத் தகாத வார்த்தைகளெல்லாம் பறந்தன. நாலாவது கூட்டத்தில் குப்பத்துக்குத் தலைவரான நாட்டார் எழுந்தார். "பெரிய வலை இழுக்கிற கயித்த எடுத்தாங்கடா. அளந்து நடுவுல வைப்போம். ஒருத்தனும் பேசக் கூடாது."

எல்லோருக்கும் அது பிடித்துப்போயிற்று. குப்பத்தில் மீனைப் பங்கு வைப்பதும், ஊரில் ஏரித் தண்ணீருக்கு முறை வைப்பதும் அப்படித்தான். அளந்துவிட்டால் வாயை மூடிக்கொள்வது இரண்டு பக்கத்துக்கும் பழக்கம். ஊரின் கடைசி வீட்டிலிருந்து குப்பத்தின் முதல் வீடு வரை கயிறு போட்டு, அதை இரண்டாக மடித்தார்கள். நடுவில் யார் நிற்பது என்று கேள்வி வந்தபோது ஊர்ப்பக்கத்துப் பஞ்சாயத்துத் தலைவர் சொன்னார்: "பாய் நிக்கட்டும். அவுருதான் ரெண்டு பேருக்கும் பொது."

நான் பெருமையாகப் போய் நின்றேன். காலடியில் பார்த்தால் கோரைப் பள்ளம்.

அது சித்திரை. பள்ளம் காய்ந்து வெடித்துக் கிடந்தது, ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. ஆனால் தண்ணீர் நிற்காத இடத்தில் கோரை முளைக்காது என்று தெரியாதவர் அங்கே ஒருவர்கூட இல்லை. ஐப்பசியில் அங்கே தவளை பிடித்து வளர்ந்தவர்கள்தான் அத்தனை பேரும். தலைவர் தரையைப் பார்த்தார். நாட்டார் கடலைப் பார்த்தார். ஊர்க்காரன் சொன்னால் தன் பக்கம் இழுக்கிறான் என்பார்கள். குப்பத்தான் சொன்னாலும் அதே பேச்சுதான். சொல்லக்கூடியவன் நான் ஒருவன். அதற்காகவே என்னை அங்கே நிறுத்தியிருந்தார்கள்.

நான் சொல்லவில்லை. ஊரோடு ஒத்து வாழ் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், இரண்டு பக்கமும் முகம் சுளிக்காமல் கடைக்கு வர வேண்டும் என்கிற வியாபாரப் புத்திதான். நின்ற இடத்தில் ஆளோடு ஆளாக முளைக்குச்சி அடித்துவிட்டு வந்தேன்.

வீட்டில் அவள் கேட்டாள். "அங்க தண்ணி நிக்குமே. நீங்க சொல்லலியா?"

"இப்பத்தான் ரெண்டு பக்கமும் மூஞ்சி குடுத்துப் பேசிக்கினு கீறாங்க. நான் ஏன் கெடுக்கணும்? ஒசத்திக் கட்டினாப் போச்சு."

"எவ்ளோ ஒசரம்?"

எனக்குக் கோபம் வந்தது. "ஒனக்கு எல்லாத்துலயும் ஒரு நொட்டை" என்றேன்.

முழங்கால் உயரத்துக்கு மேடை போட்டுக் கட்டினோம். கிளிஞ்சல் சுண்ணாம்பு குப்பத்தார் கொண்டுவந்தார்கள், செங்கல் ஊர்க்காரர்கள். கூலி என்று யாரும் வாங்கவில்லை. வயிறு தெரியத் தொடங்கிய பிறகும் என் மனைவி கூடையில் மணல் சுமந்தாள். நான் செங்கல்பட்டு போய் நல்ல இரும்புத் தாழ்ப்பாளாகப் பார்த்து வாங்கி வந்தேன். அவள் அதை நாலு தரம் போட்டுப் போட்டு எடுத்துப் பார்த்துச் சிரித்தாள்.

ஆவணியில் மருத்துவச்சியம்மா வந்தார். திருக்கழுக்குன்றத்துக்காரர், சுறுசுறுப்பு, வாய் கொஞ்சம் அதிகம். ஊர்ப் பெண்களும் குப்பத்துப் பெண்களும் ஒரே மேடையில் கால் நீட்டி உட்கார்ந்து பேசியதை அந்த இரண்டு மூன்று மாதம்தான் பார்த்தேன். "கார்த்திகை கடைசில ஒனக்கு. நான் கீறேன், பயப்படாத" என்று என் மனைவியிடம் அவர் சொல்லியிருந்தார்.

அந்த வருஷம் ஐப்பசி மழை தள்ளிப்போய், கார்த்திகை பிறந்து முதல் வாரத்தில்தான் மழை பிடித்தது. இரண்டாம் நாளே மேடையைத் தாண்டித் தண்ணீர் உள்ளே போயிற்று, கட்டில் முங்கியது. அந்தம்மாள் தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். என் வீட்டில் தங்க வைத்திருக்கலாம். ஊர்ப்பக்கம் கொண்டுபோய்விட்டான் என்று குப்பத்தில் பேசுவார்களே என்று அதையும் நான் சொல்லவில்லை. தங்களோடு இருக்கச் சொல்லி யாருமே கூப்பிடவில்லை. எல்லோருக்கும் அதே பயம்தான். "தண்ணி வடிஞ்சதும் வந்துடறேன், இவளுக்கு இன்னும் நாள் கீது" என்று சொல்லிவிட்டு, ஓடும் கடைசி ஓடத்தில் அவர் தன் ஊருக்குப் போனார். அவர்மேல் எனக்கு வருத்தமே கிடையாது.

ஐந்தாம் நாள் காலை அவளுக்கு வலி எடுத்தது. குப்பத்தில் பிள்ளைப்பேறு பார்க்கிற அம்மாள் இடுப்பளவு தண்ணீரில் பள்ளத்தைத் தாண்டி வந்தாள். பிள்ளை கால் முன்னால் இருந்தது. உச்சி நேரத்தில் அந்த அம்மாள் வெளியே வந்து என் கையைப் பிடித்தாள். "என் கையில ஒண்ணும் இல்ல பாய். அக்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ."

கால்வாய் கரை புரண்டு ஓடியது, ஓடம் கட்டிக் கிடந்தது. நாட்டாரும் நாலு பேரும் கட்டுமரத்தைப் பள்ளத்து வழியாகவே மிதக்க விட்டுத் தள்ளிக்கொண்டு வந்தார்கள், அந்தக் கட்டடத்தின் பக்கமாகத்தான். கட்டிலோடு அவளைக் கட்டுமரத்தில் வைத்துக் கட்டி, மழையில் கால்வாயைக் கடந்தோம். அக்கரையில் வண்டி தயாராக நின்றது. கேள்விப்பட்டு ஜனம் கூடியிருந்தது. நல்ல ஜனம், உதவ வந்த ஜனம். கூட வந்த பெண்கள் புடவையை விரித்துச் சுற்றிப் பிடித்தார்கள், காற்று அதைப் பிடுங்கியது. அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"எல்லாரும் பாக்குறாங்களே" என்றாள்.

வண்டியில் ஏற்றுவதற்குள் போய்விட்டாள். பிள்ளையும் தங்கவில்லை. பெண் பிள்ளை.

துக்கம் கேட்க இரண்டு பக்கத்தாரும் வந்தார்கள். தலைவர் என் பக்கத்தில் உட்கார்ந்து, "அங்க தண்ணி நிக்கும்னு எனக்கு அப்பவே தெரியும் பாய்" என்றார். நாட்டார் தலையில் அடித்துக்கொண்டு அதையேதான் சொன்னார். வந்தவர்கள் ஒவ்வொருவராக அதையே சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்கு யாரையும் அறைய வேண்டும்போல் இல்லை. "எனக்கும்தான் தெரியும்" என்றேன். அவளும் அன்றைக்கே என்னைக் கேட்டாள் என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. இன்றைக்குத்தான் சொல்கிறேன்.

தை மாதம் மறுபடி கூட்டம் போட்டார்கள். யாரும் கயிறு கொண்டுவரவில்லை. "நீ சொல்லு பாய், நாங்க கட்டறோம்" என்றார் நாட்டார். குப்பத்து மணல்மேட்டில் கட்டுங்கள் என்றேன். மறுபேச்சு இல்லை. பழைய கட்டடத்தைப் பிரித்து ஊர்க்காரர்களே செங்கல் சுமந்தார்கள். கதவு மட்டும் கெடாமல் இருந்தது. தாழ்ப்பாள் துருவேறி இறுகியிருந்தது. கடையிலிருந்து எண்ணெய் கொண்டுபோய் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து நானே அதைச் சரிசெய்தேன்.

சித்திரையில் நாட்டாரின் மருமகளுக்கு வலி எடுத்தது. சுக்கும் பனைவெல்லமும் எடுத்துக்கொண்டு போனேன். நான் போய்ச் சேரும்போது அந்தப் பெண்ணை உள்ளே கூட்டிப்போனார்கள். கதவைச் சாத்தினார்கள், தாழ்ப்பாள் விழுந்தது. வெளியில் ஒருவரும் எட்டிப் பார்க்க முடியாமல் நின்றார்கள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. பொட்டலத்தைப் படியில் வைத்துவிட்டு, அழுதுகொண்டே கோரைப் பள்ளத்து வழியாக வீட்டுக்கு நடந்தேன். அன்றும் அது காய்ந்துதான் கிடந்தது, ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன.