அக்கா பேரில் ஒரு லேத்

கீழ்க்கட்டளையில் லேத் பட்டறை அயூப் என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள். பல்லாவரம் சந்தையில் பழைய இரும்பு விற்ற காதர் மொய்தீனுக்கு இரண்டே பிள்ளைகள். மூத்தவள் அக்தர் பேகம். எட்டு வருஷம் கழித்துப் பிறந்தவன் அயூப். அவனைப் பெற்றதோடு தாய் போய்ச் சேர்ந்தாள். அவனுடைய ஒன்பது வயசில் தகப்பனும் போனார். திண்டிவனத்துத் தாய்மாமன் மூன்றாம் நாள் ஃபாத்திஹாவுக்கு வந்தார், சாப்பிட்டார், போனார். அதற்கப்புறம் அவர் முகத்தை யாரும் பார்க்கவில்லை.

பத்தாவது முடித்திருந்த அக்தர் பேகம், தாம்பரம் சானடோரியத்து ஏற்றுமதி வளாகத்தில் தையல் வேலைக்குப் போனாள். தோல் கையுறை தைக்கும் கம்பெனி. அரசாங்கம் வரி கிடையாது என்று சொன்னதால் எங்கிருந்தோ வந்த முதலாளி. பதினாலு வருஷம் தைத்தாள். சலுகை முடிந்த வருஷம் ஒரு திங்கட்கிழமை காலையில் போனால் கேட்டில் பூட்டுத் தொங்கியது. வேறு மாநிலத்தில் இன்னும் பத்து வருஷத்துக்குச் சலுகை தருகிறார்களாம், அங்கே போய்விட்டார்களாம். வாட்ச்மேன் சொல்லித்தான் தெரிந்தது.

அந்தத் தையல் கூலியில்தான் அயூப் வளர்ந்தான், லேத் கற்றான். அதனால் வீட்டில் ஒரு வழக்கம் நிலைத்துப் போயிற்று. புதுசாக எது வாங்கினாலும் ரசீது அக்கா பேரில்தான் போடவேண்டும். முதல் சைக்கிள், கிரைண்டர், அயூப் கல்யாணத்துக்கு வாங்கிய பீரோ, எல்லாம் அக்தர் பேகம் பேரில். அயூபின் மனைவி ரூக்சார் முதல் இரண்டு வருஷம் முணுமுணுத்தாள். அப்புறம் அவளே கடைக்காரனிடம் அந்தப் பெயரைச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். அக்தர் பேகத்தைக் கட்டிய லாரி டிரைவர் காலமாகி, பிள்ளையும் இல்லாமல், அவள் தம்பி வீட்டோடு வந்துவிட்ட பின்பு அந்த வழக்கம் இன்னும் இறுகியது.

போன வருஷம் வண்டலூருக்கு அப்பால் ஒரு வெளிநாட்டு பம்ப் கம்பெனி வந்தது. குறைந்த விலையில் நிலம், ஏழு வருஷத்துக்கு வரித் தள்ளுபடி, பாதி விலையில் கரண்ட். இத்தனையும் வாங்கிக்கொண்டு வந்த கம்பெனி, பம்ப் தண்டு சுழலும் இடத்தில் மாட்டும் உலோக வளையமான புஷ்ஷை அயூபிடம் கேட்டது. ஆனால் கம்ப்யூட்டர் லேத்தில் கடைந்ததாக இருக்கவேண்டும் என்றது. அந்த மெஷின் பதினெட்டு லட்சம். அயூபுக்கு ஜி.எஸ்.டி. கணக்குப் போடும் சிட்டிபாபு, "மானியத்துல கால்வாசி திரும்பிடும் பாய், வாங்கிப் போடு" என்றான். ரூக்சாரின் நகை அத்தனையும் அடகுக்குப் போயிற்று. மீதிக்கு மெஷின் விற்றவனே தவணை கொடுத்தான். மானியம் வந்தால் நகை திரும்பும். வராவிட்டால் நகையும் போகும், தவணை தவறி மெஷினும் போகும்.

தொழில் அலுவலகத்துக்கு அயூப் ஆறு தடவை நடந்தான். ஒரு தடவை போட்டோ சின்னது, ஒரு தடவை ஜெராக்ஸ் மங்கல், ஒரு தடவை மேடம் லீவு. ஏழாவது தடவைதான் திரிபுரசுந்தரி மேடம் மனுக் கட்டு முழுவதையும் பிரித்துப் பார்த்தார்.

"சார், இது புதுசா தொழில் தொடங்கறவங்களுக்கான திட்டம். நீங்க இருபது வருஷமா நடத்தறதா நீங்களே எழுதியிருக்கீங்க."

"ஆமா மேடம். எங்கயும் ஓடாம ஒரே எடத்துல நடத்தறேன். அது தப்பா?"

"தப்புன்னு யாரு சொன்னா? இந்த ஃபாரத்துல அதுக்குக் கட்டம் இல்ல."

"பம்ப் கம்பெனிக்காரன் அவன் ஊர்ல அறுவது வருஷமா நடத்தறான். அவனுக்கு மட்டும் கட்டம் இருக்கா?"

"அது வேற டிபார்ட்மென்ட் சார்." மேடம் அடுத்த தாளைப் புரட்டி நின்றார். "மெஷின் பில்லுல அக்தர் பேகம்னு போட்டிருக்கு. யாரு இவங்க?"

அயூப் பில்லை இழுத்துப் பார்த்தான். மெஷின் வாங்குகிற அன்று கடைக்காரன் பேர் கேட்டதும், பழக்கத்தில் வாய் தானாகச் சொல்லியிருக்கிறது. அன்றைக்குத் துணைக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிட்டிபாபு தலையில் கை வைத்தான். "பாய், பதினெட்டு லட்ச ரூபா மெஷின். பீரோ வாங்கறா மாதிரி வாங்கிக்கினு வந்திருக்கியே."

மேடம் சிட்டிபாபு மாதிரி அதிர்ந்து போகவில்லை. ஒவ்வொன்றாகக் கேட்டார். ஷெட் யாருடையது? அக்காவுடையதுதான், அத்தா அவள் பங்காக எழுதி வைத்தது. படிப்பு? பத்தாவது. வயசு? ஐம்பத்து மூணு. வேறு தொழில் அவர் பேரில் உண்டா? இல்லை.

"அப்போ அவங்க பேர்ல புது யூனிட்டா போடுங்க. பெண்கள்னா மானியம் கொஞ்சம் கூடவே வரும். ஆனா நெஜமாவே அவங்கதான் நடத்தணும், நான் நேர்ல வந்து பாப்பேன். அஞ்சு வருஷத்துக்கு மெஷினை விக்கவும் கூடாது, எடம் மாத்தவும் கூடாது."

ஒரு கையெழுத்துத்தானே என்று அயூப் வீட்டுக்கு வந்தான். அக்தர் பேகம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஃபாரத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்தாள். அயூப் இரண்டு டீ குடித்து முடித்தான்.

"நானே நடத்தறேன்னு எழுதியிருக்கு."

"அது சும்மா பேருக்குக்கா. நீ கையெழுத்து மட்டும் போடு."

"பொய்க்குக் கையெழுத்துப் போட மாட்டேன். போட்டா நான்தான் நடத்துவேன்."

"உனக்கு லேத்தப் பத்தி இன்னா தெரியும்?"

"உனக்கு மூக்கொழுவுறப்போ இருந்து உன்னப் பத்தித் தெரியும். மெஷினு அதவிட மோசமாவா இருக்கும்?"

ரூக்சார் அடுப்படியிலிருந்து, "என் நகைய நெனச்சுப் பாருங்க" என்று மட்டும் சொன்னாள். அயூப் அக்காவிடம் சரி என்று தலையை ஆட்டினான்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அக்தர் பேகம் பிளாஸ்டிக் நாற்காலியோடு பட்டறைக்கு வந்து உட்கார்ந்தாள். அன்றிலிருந்து அயூபுக்கு நிம்மதி போயிற்று. இந்த எண்ணெய் எதுக்கு, அந்தச் சிவப்பு விளக்கு ஏன் எரியுது, நேத்து எத்தனை புஷ் கழிஞ்சுது, டீ குடிக்க ஒரு ஆளுக்கு எதுக்கு முப்பது நிமிஷம். பட்டறை ஆள் ஜெயவேலு முதல் வாரம் சிரித்தான். இரண்டாவது வாரம் நேரத்துக்கு வர ஆரம்பித்தான். கையுறைத் தோலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துப் பழகிய கண், ஒரு புஷ்ஷை எடுத்துப் பார்த்ததும் பிசிரைக் கண்டுபிடித்துவிடும். அளந்து பார்த்து அவள் சொன்னது சரி என்று ஒப்புக்கொள்வதுதான் அயூபுக்கு எல்லாவற்றையும்விட எரிச்சலாக இருந்தது.

ஆறு வாரம் கழித்து மேடம் நேரில் வந்தார். அயூப் மனப்பாடம் செய்துகொடுத்த பதிலில் ஒன்றைக்கூட அக்தர் பேகம் சொல்லவில்லை. ஒரு ஷிப்டுக்கு எத்தனை புஷ், எத்தனை கழிகிறது, கரண்ட் போனால் எத்தனை நிமிஷம் வீண், எல்லாம் தன் வாயாலேயே சொன்னாள். மேடம் எழுதிக்கொண்டே வந்தார்.

"அஞ்சு வருஷ கண்டிஷன் தெரியும்ல?"

"அஞ்சு வருஷம் முடிஞ்சதும் பூட்டிட்டு ஓடறவ நான் இல்ல மேடம். ஓடினவன் கேட்டுக்கு வெளிய ஒருநாள் பூரா நின்னவ."

மேடம் அதையும் எழுதிக்கொண்டார். பிறகு மெஷின் பக்கத்தில் நின்ற அயூபைக் காட்டினார். "இவர்?"

"என் தம்பி, இங்க வேலை பாக்குறான். கைவேலை சுத்தம். காலைலதான் லேட்டா வருவான்."

ஜெயவேலு சட்டென்று திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டான். இருபது வருஷப் பட்டறைக்காரன் அயூப் துணியை எடுத்து மெஷினைத் துடைக்க ஆரம்பித்தான்.

மானியம் வந்தது. ரூக்சாரின் கழுத்துக்கு நகை திரும்பியது. ஷெர்வின் என்ற பெயின்டர் வந்து, அயூப் இன்ஜினியரிங் என்றிருந்த போர்டை அழித்து அக்தர் இன்ஜினியரிங் என்று எழுதிவிட்டுப் போனான். அத்தோடு முடிந்தது, இனி அக்கா வீட்டில் இருப்பாள் என்று அயூப் நினைத்தான்.

மறுநாள் பட்டறை வாசலில் ஒரு நீளமான நோட்டு நூலில் கட்டித் தொங்கியது. கையுறைக் கம்பெனியில் இருந்த மாதிரியே கட்டம் போட்டு, பேர், வந்த நேரம், கையெழுத்து என்று எழுதியிருந்தது.

"இது இன்னாக்கா?"

"லேட்டா வந்தா செவப்புக் கோடு. மூணு கோடு விழுந்தா அரை நாள் சம்பளம் கட். அங்க அப்படித்தான்."

"நானுமா?"

"நீ வேலை பாக்கலியா?"

ஜெயவேலு பேர் மேலே இருந்தது, எட்டு ஐம்பத்தஞ்சு. அயூப் அதற்குக் கீழே தன் பேரை எழுதினான். ஒன்பது என்று போடலாமா என்று கை தயங்கியது. அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பது நாற்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். அவள் சிவப்புப் பேனாவையும் அடி ஸ்கேலையும் எடுத்து, அதன் கீழே நேராக ஒரு கோடு போட்டாள்.