கட்டிப்போட்ட அடிபம்பு

பெரியவனே, சின்னவளே, போன வாரம் தபாலில் வந்த காகிதத்தை வைத்துக்கொண்டு நீங்கள் இரண்டு பேரும் போட்ட சண்டையைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஏதோ வெளிநாட்டுச் சங்கமாம். ஏழை ஊர்களுக்கு நல்ல தண்ணீர் கொடுக்கிறதாம். நன்கொடை கேட்டிருக்கிறார்கள். ஒருவன் ஏமாற்று என்றான், ஒருத்தி கொடுப்போம் என்றாள். கடைசியில், நல்ல சங்கமா இல்லையா என்று எப்படித்தான் கண்டுபிடிப்பது என்று என்னிடம் வந்தீர்கள். நான் எட்டாவதோடு நின்றவன். எனக்குத் தெரிந்தது ஒரே வழி. அதைச் சொல்ல வேண்டுமானால், இதுவரை உங்களிடம் சொல்லாத ஒரு விஷயத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

அறுபதுகள் முடியப்போகிற சமயம். ஆனி மாதம், குற்றாலத்தில் சீசன் தொடங்கியிருந்தது. பெரியவன் அப்போது தவழ்கிற பிள்ளை. தென்காசியில் குற்றாலம் ரோட்டில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தேன். எங்கெங்கோ இருந்து ஜனங்கள் அருவியில் குளிக்க வந்துகொண்டிருந்தார்கள். நம் தெருப் பெண்களோ குடிதண்ணீருக்கு இரண்டு பர்லாங் நடந்து, மாடு குளிக்கிற குளத்தில் குடம் முக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த வருஷம் வாந்திபேதியில் தெருவில் இரண்டு பிள்ளைகள் போய்விட்டன.

நம் வீட்டுக்குப் பின்னால் கிணறு இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். கிணற்றுச் சுவர்கிட்டே போகாதே என்று மட்டும்தான் சொல்லி வளர்த்திருக்கிறேன். எனக்கு ஒரு தங்கை இருந்தாள், உங்களுக்கு அத்தை. சாரல் பெய்து கல்லெல்லாம் பாசி பிடித்திருந்த ஒரு காலையில், தண்ணீர் இறைக்கப் போனவள் வழுக்கி உள்ளே விழுந்துவிட்டாள். நாங்கள் போய்ப் பார்க்கும்போது குடம் மட்டும் மிதந்துகொண்டிருந்தது. முறைப்படி மூன்று தடவை கிணற்றை இறைத்துச் சுத்தம் செய்தோம். ஆனால் அதற்கப்புறம் அதில் வாளி போட ஒருவருக்கும் கை வரவில்லை. முள்ளை வெட்டிப் போட்டு மூடிவிட்டேன்.

அப்போதுதான் ஜீப்பில் அந்தச் சங்கத்தார் வந்தார்கள். ஒரு வெள்ளைக்காரரும், அவருக்குத் துணையாக நாகர்கோவில் பக்கத்து இளைஞர் ஒருவரும். பாறையைத் துளைத்து அடிபம்பு போட்டுத் தருவோம், செலவு எங்களுடையது, இடம் மட்டும் நீங்கள் தானமாக எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். தெரு முழுக்கச் சுற்றிவிட்டு அவர்கள் கையைக் காட்டிய இடம் எது தெரியுமா? நம் பின்கட்டு. அந்தக் கிணற்றுக்குப் பத்தடி தள்ளி.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். பக்கத்து வீட்டில் தறி போட்டிருந்த பாய் கேலி செய்தார்.

"வே, நீரு என்ன யோசிக்கேரு? குத்தாலத்துல லாட்ஜ் எடுத்துத் தங்கியிருக்கானுவ. குளிக்க வந்தவனுவ, பொழுது போகாம குழி தோண்டுதானுவ. சீசன் முடிஞ்சா ஜீப்பும் போச்சு, துரையும் போயாச்சு. உமக்குக் குழிதான் மிச்சம்."

சிரித்துக்கொண்டே சொன்னார். ஆனால் எனக்கு அது உறைத்தது. அதனால் சங்கத்துத் தம்பியிடம் பேச்சுவாக்கில், இதற்கு முன்னால் எங்கே போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டேன். இலத்தூரைத் தாண்டி ஒரு சின்ன ஊரின் பெயரைச் சொன்னார். போட்டு ஒரு வருஷமாகிறது என்றார். போகப்போகிறேன் என்று சொல்லாமல், மறுநாள் கடையைப் பூட்டிவிட்டுத் தனியாகச் சைக்கிளில் கிளம்பினேன்.

போய்ச் சேரும்போது உச்சிப்பொழுது. வெயிலும் சாரலும் சேர்ந்து அடித்தது. ஊருக்குள் ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. மேற்கே மலை, மேகத்துக்குள் பாதி காணாமல் போயிருந்தது. கீழக்கோடியில் ஒரு பழைய கிணறு. அதிலிருந்து கொஞ்சம் தள்ளி அடிபம்பு, பெயிண்ட் மங்காமல் புதுசு போல நின்றது. கிட்டே போனேன். சிமெண்ட் தளத்தில் பச்சைப் பட்டு விரித்தது போலப் பாசி. அதில் ஒரு காலடி இல்லை. பம்பின் கைப்பிடியைக் கீழே அழுத்தி, பனைநார்க் கயிற்றால் தூணோடு சேர்த்து, ஒரு ஆளைக் கட்டிப்போட்டது போல இறுக்கிக் கட்டியிருந்தார்கள். கயிற்றில் வேப்பிலை செருகியிருந்தது.

பாய் சொன்னது சரிதான் என்று நினைத்தேன். கோபத்தோடு கயிற்றை அவிழ்க்கக் கை வைத்தேன்.

"அவுக்காதீங்க அண்ணாச்சி."

திரும்பிப் பார்த்தால், இடுப்பில் குடத்தோடு ஒரு பெண். நாற்பது வயது இருக்கும். குடத்துக்குள் கலங்கலாகக் குளத்துத் தண்ணீர்.

"ஏம்மா, பம்பு ரிப்பேரா?"

"பம்புக்கு ஒரு கேடும் இல்ல. தண்ணி இளநியாட்டம் வரும்."

"பின்னே?"

அவள் கிணற்றைப் பார்த்தாள். "அது பதில் சொல்லுது."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கயிற்றை அவிழ்த்து ஒரு அடி அடித்தேன். ஆளில்லாத கிணற்றுக்குள்ளிருந்து, 'டொக்' என்று ஒரு சத்தம். உள்ளேயிருந்து யாரோ விரலை மடக்கித் தட்டியது போல. இன்னொரு அடி. இன்னொரு 'டொக்'. நாலைந்து அடியில் பளிங்கு போலத் தண்ணீர் கொட்டியது. நான் நிறுத்திவிட்டேன். தண்ணீரும் நின்றது. அதற்கப்புறம், நான் கையை எடுத்த பிறகு, இன்னும் ஒரே ஒரு தடவை 'டொக்' என்று கேட்டது.

கயிற்றை எடுத்து, கைப்பிடியைப் பழையபடி கட்டினேன்.

தோண்டின அன்றைக்கே தொடங்கியது என்றாள் அவள். மிஷின் பாறைக்குள் இறங்க இறங்க, கிணற்றுத் தண்ணீர் உலைபோலக் கொதித்ததாம், ஊரே கேட்கிற மாதிரி முனகியதாம். வந்தவர்கள் மிஷின் சத்தத்தில் அதைக் கவனிக்கவே இல்லை. பம்பை மாட்டி, மாலை போட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

"கெணத்துல யாரும் விழுந்து செத்தாங்களா?" என்று கேட்டேன்.

"ஒருத்தரும் விழல அண்ணாச்சி. அதான் பயமே. இன்னாருன்னு தெரிஞ்சா ஒரு பொங்கல வச்சி, தாயே பேசாமக் கெடன்னு கும்பிட்டுறலாம். ஆருன்னே தெரியாதவங்ககிட்ட என்னத்தச் சொல்ல?"

திரும்பி வருகிற வழியெல்லாம் என் பின்னால் அந்தச் சத்தம் வந்தது. சைக்கிள் செயின் தட்டுகிறதோ என்று இரண்டு தடவை இறங்கிப் பார்த்தேன். எனக்கு வேறு பயம் பிடித்துக்கொண்டது. அங்கே யார் என்று தெரியாது. நம் வீட்டுக் கிணற்றில் யார் என்று தெரியுமே.

வீட்டுக்குப் போகாமல் நேரே குற்றாலம் போய், லாட்ஜில் அந்தத் தம்பியைப் பிடித்தேன். அருவி இரைச்சலில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. "தம்பி, உங்க பம்புல ஒரு வருஷமா ஒரு சொட்டு தண்ணி யாரும் குடிக்கல" என்றேன். அவர் ஒரு நோட்டை எடுத்துப் புரட்டினார். அந்த ஊருக்கு நேரே 'பணி முடிந்தது' என்று எழுதியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுத்துப் பேசவில்லை. படிப்பில்லாத ஜனம், மூடநம்பிக்கை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"நாங்க அப்புறம் போய்ப் பாக்கல" என்றார். அவ்வளவுதான். பேனாவை எடுத்து அந்த இரண்டு வார்த்தையையும் அடித்தார்.

அப்புறம் எனக்கு விளக்கினார். பாறைக்குள் வெடிப்பு இருக்கும். துளை போடும்போது மிஷின் அடிக்கிற காற்று அந்த வெடிப்பு வழியாகப் போய்ப் பக்கத்துக் கிணற்றில் குமிழாக வரும். பஞ்சர் டியூபைத் தண்ணீரில் அமுக்கினால் வருமே, அது மாதிரி. பம்பின் உள்கம்பி குழாயில் இடிக்கிற சத்தமும் பாறை வழியே அங்கே கேட்கும். "சரி, கையை எடுத்த பிறகு தட்டினது?" என்று கேட்டேன். தெரியலை என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொன்னது எனக்குப் பிடித்தது.

மறுநாள் அவர் அந்த ஊருக்குப் போய் இரண்டு நாள் அங்கேயே கிடந்தார். என்ன பேசினார், எப்படிப் புரியவைத்தார் என்று நான் பார்க்கவில்லை. நாலாம் நாள் யாருக்கும் சொல்லாமல் மறுபடி போனேன். கயிறு இல்லை. பாசியைத் தேய்த்துக் கழுவியிருந்தார்கள். தளம் முழுக்க ஈரம், ஈரத்தில் சின்னதும் பெரிசுமாகக் காலடிகள்.

பிள்ளைகளே, எனக்குத் தெரிந்த வழி இதுதான். புதுசாகப் போடப்போவதைக் கேட்காதீர்கள். பழசைப் போய்ப் பாருங்கள், சொல்லாமல் போங்கள், குடம் சுமக்கிறவளிடம் கேளுங்கள். குறையைச் சொன்னால் முகத்தைத் தூக்குகிறார்களா, எழுந்து போய்ச் சரிசெய்கிறார்களா என்று பாருங்கள். போய்ச் சரிசெய்கிறவர்களுக்குக் கொடுக்கலாம்.

ஆனால் எனக்கு இன்னொன்று பாக்கி இருந்தது. வெடிப்பு உண்டென்றால், தெரு குடிக்கப்போவது என் தங்கை கிடந்த தண்ணீரின் உறவுத் தண்ணீர். அதைச் சொல்லாமல் இடத்தை எழுதிக் கொடுத்தால் நான் ஏமாற்றுக்காரன். தெருவைக் கூட்டிச் சொன்னேன். முதலில் வாய் திறந்தது பாய்தான். அன்றைக்கு அவரிடம் கேலி இல்லை.

"அவ கையால தண்ணி வாங்கிக் குடிக்காதவன் இந்தத் தெருவுல எவன்வே இருக்கான்? நோன்பு நாளையில எங்க வீட்டுத் தொட்டிய நெறச்சுட்டுப் போற புள்ள. எழுதிக் குடும்வே."

துளை போட்ட நாளில் முள்ளை நானே அகற்றினேன். மிஷின் இறங்கி ஒரு மணி நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் கிணற்றுக்குள் ஒரு முனகல் எழுந்தது. தண்ணீர் நடுவில் குமிழ் குமிழாகப் பொங்கியது. காரணம் தெரிந்தவன்தான் நான். ஆனாலும் சொல்கிறேன், தண்ணீருக்குள் மூச்சுமுட்டிக் கிடந்த ஒருத்தி மேலே வந்து விடுகிற முதல் மூச்சு எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது அது. பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மிஷின்காரர் என்னைப் பார்த்தார், நிறுத்தவா என்று. ஓட்டுங்கள் என்று கையைக் காட்டிவிட்டு, கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு முனகல் ஓயும்வரை அங்கேயே நின்றேன். விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை.

மறுநாள் பம்பு மாட்டினார்கள். சாயங்காலம் உங்கள் அம்மாதான் முதல் குடத்தை வைத்தாள். அதைப் பார்த்து இன்னொரு குடம், அப்புறம் வரிசை.

அதற்கடுத்த நாள், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் தெரு அடங்கிய நேரம் பார்த்துப் பின்கட்டுக்குப் போனேன். நாலு அடி அடித்து, இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக் குடித்தேன். பிறகு கிணற்றுச் சுவரில் நெஞ்சைச் சாய்த்து உள்ளே குனிந்து, "ஏட்டி, தண்ணி நல்லாத்தான் இருக்கு" என்றேன். என் குரலே கொஞ்சம் தாமதித்து மேலே வந்தது. அது அடங்கிய பிறகும், அந்த ஊரில் கையை எடுத்த பிறகு கேட்ட அந்த இன்னொரு 'டொக்' சத்தத்துக்காகக் காதைக் கொடுத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். வந்தால் பயப்படுவேனா, சந்தோஷப்படுவேனா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.