இருபதடி உயரத்தில் என் முகம்

ஒரகடம் ரோட்டில், லாரிகள் திரும்பும் வளைவில், ஒரு மதில் சுவரில் என் முகம் இருபதடி உயரத்துக்கு நிற்கிறது. எங்கள் ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவருக்குக்கூட அவ்வளவு பெரிய முகம் கிடையாது. அவருடைய ஃப்ளெக்ஸ் பேனர் பத்தடியைத் தாண்டியதில்லை. நான் பெரிய ஆளெல்லாம் இல்லை. அந்தச் சுவருக்குப் பின்னால் இருக்கும் கம்பெனியில் செல்போனுக்கு ஸ்க்ரூ முறுக்கிக்கொண்டிருந்தவள். அதுவும் கான்ட்ராக்டில். பதினோரு மாதம் முடிந்ததும் நிரந்தரமாக்கலாம், நீட்டிக்கலாம், வீட்டுக்கும் அனுப்பலாம். விளாத்திகுளம் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்து, மண்ணூர் ஹாஸ்டலில் எட்டுப் பேரோடு ஒரே அறையில் கிடந்ததெல்லாம் அந்த 'நிரந்தரம்' என்ற ஒரு வார்த்தைக்காகத்தான்.

இந்தப் படம் வரும்வரை எங்கள் கம்பெனி மதில் சுவர் எல்லாச் சுவரையும் போல ஒழுங்காகத்தான் இருந்தது. கட்சிக்காரர்கள் அடுத்த தேர்தலுக்கு இடம் பிடித்து வைத்திருந்தார்கள். அவசரக்காரர்கள் அவசரத்தைத் தீர்த்துக்கொண்டார்கள். திடீரென்று ஒருநாள் ஹெச்.ஆர். சாருக்குக் கலை பிடித்துவிட்டது. வெளிநாட்டில் தெருச்சுவரில் எல்லாம் கிராஃபிட்டி வரைகிறார்களாம், பார்க்கிறவனுக்கு உழைக்க ஊக்கம் வருகிறதாம். ஓ.டி. பார்த்துக் கால் வீங்கிக் கிடக்கும் எங்களுக்கு ஊக்கம்தான் குறைச்சல் என்று எப்படியோ கண்டுபிடித்திருந்தார். கேன்டீன் சாம்பார் பக்கம் அவருடைய ஆராய்ச்சி போகவேயில்லை.

சென்னையிலிருந்து ஓவியர் வந்தார். தலையில் கொண்டை, என்னுடையதைவிட அடர்த்தி. லைனில் நின்ற பெண்களை ஒரு சுற்று பார்த்துவிட்டு என் முன்னால் வந்து நின்றார். "இந்த முகத்துல ஒரு போராட்டம் இருக்கு" என்றார். அன்றைக்கு எனக்குப் பல்வலி. அதை நான் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற ஹெச்.ஆர். சார், "இனிமே நீதாம்மா நம்ம கம்பெனியோட முகம்" என்றார். கம்பெனியின் முகத்தை யாராவது கான்ட்ராக்டில் வைப்பார்களா? அன்று சாயங்காலமே ஹாஸ்டல் முழுக்கக் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன்.

கொண்டைக்காரர் கெட்டிக்காரர், அதை மறைக்கக் கூடாது. ஸ்ப்ரே டப்பாக்களோடு சாரத்தில் ஏறி நாலே நாளில் முடித்துவிட்டார். என் புருவத்துத் தழும்பைக்கூட விடவில்லை. ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்று பார்த்தபோது என் முதுகு தன்னால் நிமிர்ந்தது. எந்தக் கண்ணாடியிலும் நான் அவ்வளவு அழகாக இருந்ததில்லை. பெருமையாக இருந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

ஒரே ஒரு கோளாறு. கலர் போட்டால் விளம்பரம், கறுப்பு வெள்ளைதான் ஆர்ட் என்று சொல்லிவிட்டார். சென்னையில் எப்படியோ, மற்ற இடங்களில் கறுப்பு வெள்ளையில் பெரிதாக ஒரு முகம் சுவரில் வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். கண்ணீர் அஞ்சலி. போதாக்குறைக்குத் தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் வேறு. கீழே, ஹெச்.ஆர். சார் சொந்தமாக யோசித்த வாசகம்: 'உன் உழைப்பு என்றும் வாழும்.'

படம் முடிந்த மறுநாளிலிருந்து ஒரு வாரம் எனக்கு ஷிஃப்ட் மாறி, பின்பக்க கேட் வழியாகப் போய் வந்துகொண்டிருந்தேன். வாரம் முடிந்து முன்கேட் எதிரே இருக்கும் இட்லிக் கடைக்குப் போனால், கடைக்கார அக்கா என்னைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள். பக்கத்து வடக்குப்பட்டு ஊர்க்காரி. கம்பெனி நிற்பதே அவர்கள் நெல் போட்ட நிலத்தில்தான்.

"இன்னாமே, நீ உசுரோடவா கீற? நாலு நாளா கற்பூரம் ஏத்திகினு கீறேன்டி நானு!"

"எனக்கு என்னக்கா? நல்லாத்தான இருக்கேன்."

"மெசின்ல மாட்டிகினு பூட்டேன்னாங்கோ. நஷ்டஈடு தராம படத்தப் போட்டு ஏமாத்திட்டான் கம்பெனிக்காரன்னு ஊரே பேசிகினு கீது!"

திரும்பிப் பார்த்தேன். என் கழுத்துக்கு நேர் கீழே ஆணி அடித்து சாமந்தி மாலை தொங்கியது. சுவரோரம் கற்பூரம் எரிந்த கரி. ஒரு லாரிக்காரர் வண்டியை மெதுவாக்கி என் படத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் போனார். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஹெச்.ஆர். சாருக்குச் சிரிப்பு வரவில்லை. சீக்கிரத்தில் வெளிநாட்டு கஸ்டமர்கள் கம்பெனியைப் பார்க்க வருவதாக இருந்தது.

என்னைக் கூப்பிட்டார். "தினமும் காலைல ஷிஃப்ட் ஆரம்பிக்கும்போது அரைமணி நேரம் அந்தச் சுவர்கிட்ட போய் நில்லு. நீ உயிரோட இருக்கேன்னு ஜனங்க பார்க்கட்டும். சிரிச்ச முகமா நிக்கணும்."

நின்றேன். யூனிஃபார்மும் தொப்பியுமாக, படத்தில் இருந்த என் மூக்குக்குக் கீழே, வெயிலுக்குச் சிரித்துக்கொண்டு நின்றேன். யாரும் நம்பவில்லை. பைக்கில் வந்த ஒருவர் இறங்கி, "உங்க அக்காவாம்மா? பாவம், அப்படியே உரிச்சு வெச்சிருக்கு" என்று துக்கம் விசாரித்தார். லைனில் சூப்பர்வைசர் தினமும் எனக்கு 'லேட்' போட்டார். ஹெச்.ஆர். சார்தான் நிற்கச் சொன்னார் என்றால், "எழுதிக் குடுத்தாரா?" என்று கேட்டார். உயிரோடு இருக்கிறேன் என்பதற்கு எழுத்தில் உத்தரவு வாங்க எனக்குத் தோன்றவில்லை.

பதினோரு மாதம் முடிந்தது. நிரந்தரமாக்கும் பட்டியலிலும் நான் இல்லை, நீட்டிக்கும் பட்டியலிலும் இல்லை. காரணம், லேட்டாக வந்த நாட்கள் அதிகம். ஹெச்.ஆர். சாரிடம் ஓடினேன். அவர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, "சிஸ்டம் அப்படித்தானேம்மா காட்டுது. ரூல்ஸ் எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றார். பாத்ரூமில் போய் அழுதேன். கோபத்தில் வந்த அழுகைதான், ஆனாலும் நிற்க நேரமானது.

பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தால், சுவரில் சாரம் கட்டி ஒரு வயதான பெயின்டர் என் கன்னத்துக்குப் பளபளவென்று ஏதோ பூசிக்கொண்டிருந்தார். என்ன அது என்று கேட்டேன்.

"மேல்பூச்சும்மா. வெயிலு, மழை எதுவும் ஒண்ணும் பண்ணாது. அஞ்சு வருசம் கேரண்டி."

படத்துக்கு ஐந்து வருடம். எனக்குப் பதினோரு மாதம். அந்த இடத்தில் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை.

"அண்ணே, அது நான்தான். கறுப்பு பெயின்ட் கொஞ்சம் குடுங்க" என்றேன். அவர் என்னையும் படத்தையும் நாலு தடவை மாறி மாறிப் பார்த்துவிட்டு, டச்சப்புக்கு வைத்திருந்த கறுப்பு டப்பாவோடு பிரஷ்ஷையும் கொடுத்தார். வாசகத்துக்குக் கீழே, என் இடுப்பு உயர எழுத்தில் எழுதினேன்: 'இவர் உயிருடன் இருக்கிறார். வேலை தேடுகிறார்.' அதற்குக் கீழே என் செல் நம்பர். பத்து எண்ணையும் நிறுத்தி நிதானமாக எழுதினேன். கொண்டைக்காரர் பார்த்திருந்தால் இதிலும் ஒரு போராட்டம் இருக்கிறது என்றிருப்பார்.

பொழுது சாய்வதற்குள் போன் சூடாகிவிட்டது. பாதிப் பேர் எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டார்கள். ஒருவர் காரியம் என்றைக்கு என்று கேட்டார். வேலை தருவதாக யாரும் சொல்லவில்லை. ஏழு மணிக்கு ஹெச்.ஆர். சாரே கூப்பிட்டார். பதினோரு மாதத்தில் அவர் என்னைப் போனில் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"என்னம்மா இது? நாளைக்கு கஸ்டமர் வர்றாங்க. காலைல எட்டு மணிக்குள்ள வந்து நீயே அழிச்சிட்டுப் போயிடு."

"கரெக்டா வந்துடுறேன் சார்" என்றேன். "எந்த ஷிஃப்ட்ல சார் போட்டிருக்கீங்க?"

அவர் போனை வைத்துவிட்டார்.