ஏரியைப் பார்த்த வாசல்

வண்டியை விட்டு இறங்கியதும் பிரிட்டா ஓல்செத் கூடாரப் பையைத் தொடவில்லை. முகாம் இடத்தின் எண் எழுதிய மரக்கட்டை கொஞ்சம் சாய்ந்திருந்தது. அதை இரண்டு கையாலும் பிடித்து நிமிர்த்தி, அடிமண்ணை பூட்ஸ் காலால் மிதித்து இறுக்கினாள். அடுத்து, ஆடிக்கொண்டிருந்த சாப்பாட்டு மேசையின் ஒரு காலுக்கடியில் தட்டையான கல் ஒன்றைச் செருகினாள். அதன் பிறகுதான் வண்டிக் கதவைத் திறந்து பிள்ளைகளை இறக்கிவிட்டாள்.

கோணலைக் கண்டால் அவளுக்குக் கை சும்மா இருக்காது. குளிர்காலம் முழுவதும் மாவட்ட நிர்வாகத்தின் பனி தள்ளும் லாரியை ஓட்டுகிறவள். சாலையோரத்தில் ஒரு தபால் பெட்டி சாய்ந்திருந்தால் போதும், அத்தனை பெரிய லாரியை நிறுத்தி, இறங்கி, நிமிர்த்திவிட்டுத்தான் போவாள். சாய்த்தது அவள் லாரி தள்ளிய பனியா, வேறு யாராவதா என்ற விசாரணையெல்லாம் கிடையாது. "பிரிட்டா வர்றான்னா சுவத்துல மாட்டின படத்தையெல்லாம் முன்னாடியே ஒரு தரம் சரி பண்ணிடுங்க. இல்லேன்னா காபி ஆறிப்போகும், அவ உக்கார மாட்டா" என்று அவளுடைய அக்கா ஹைடி ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள்.

பிரிட்டாவின் கணவன் பெயர் ஐவர். அவனுக்குப் பெரிய ஏரியில் இரும்புத்தாது ஏற்றும் கப்பலில் வேலை. ஏரி உறையும் வரை அவனுக்கு வீடு கிடையாது. அவன் கரைக்கு வந்து சேரும்போது இவள் லாரியில் இருப்பாள். பனி கொட்டும் நாட்களில் விடிவதற்கு வெகுநேரம் முன்பே கிளம்பிவிடுவாள். பிள்ளைகள் பெரியம்மா வீட்டில் தூங்கி, தாங்களே எழுந்து, பூட்ஸ் மாட்டி, பள்ளிப் பேருந்துக்கு ஓட வேண்டும். அந்தப் பனிக்காலம் தொடங்குவதற்குச் சற்று முன்னால் வருகிறது அக்டோபர் மாதத்துப் பள்ளி விடுமுறை. வெள்ளைப் பட்டை பூர்ச்ச மரங்கள் இலையெல்லாம் மஞ்சளாகி நிற்கும், கொசு செத்திருக்கும், பனி இன்னும் விழுந்திருக்காது. அந்த வீட்டுக்கு அதுதான் பண்டிகை.

இந்த வருடப் பண்டிகைக்கு ஒரு நிபந்தனை இருந்தது. கூடாரத்தைப் பிள்ளைகளே போட வேண்டும். நெல்ஸுக்கு எட்டு வயது, சிக்னேவுக்கு ஐந்து. "அஞ்சு வயசுப் பொண்ணை அக்டோபர் குளிர்ல தரையில படுக்க வெக்கறதே பைத்தியக்காரத்தனம். அதுங்க போட்ட கூடாரத்துல வேறயா? ராத்திரியே என் வீட்டுக் கதவைத் தட்டுவீங்க, பாத்துக்க. சோபாவுல படுக்கை போட்டு வெக்கறேன்" என்றாள் ஹைடி. ஹைடி போடும் படுக்கை மெத்தென்று இருக்கும். அதில் போய்ப் படுக்கும்படி ஆகிவிடக் கூடாதே என்பதுதான் பிரிட்டாவின் ஒரே கவலை. தான் இல்லாத காலையிலும் தங்களால் முடியும் என்று பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். அது வாயால் சொல்லித் தெரிகிற விஷயம் இல்லை.

ஆகவே அவள் ஐஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். காட்டில் வேட்டைக்காரர்கள் திரியும் பருவம் என்பதால் பிள்ளைகள் ஆரஞ்சு நிறத் தொப்பி போட்டிருந்தார்கள். கூடாரத் துணிக்குள் அந்த இரண்டு தொப்பிகளும் முளைத்து மறைந்துகொண்டிருந்தன.

"வாசல் காட்டுப் பக்கம் வரணும்டி. ஏரிக் காத்து உள்ள வரும்" என்றான் நெல்ஸ்.

"அப்பா கப்பல் போனா எப்படித் தெரியும்? காட்டுல மரம்தான் போகும்!"

"மரம் எங்கயாவது போகுமா?"

"அதான் சொல்றேன். ஏரிப் பக்கம்!"

நெல்ஸ் அம்மாவைப் பார்த்தான். அக்டோபர் ஏரிக்கு வாசலைத் திறந்து வைப்பது எவ்வளவு பெரிய தப்பு என்று அம்மாவுக்கு நன்றாகத் தெரியும். அவள் கையை இன்னும் ஆழமாகத் தொடைக்கடியில் தள்ளினாள்.

பக்கத்து இடத்தில், காருக்குப் பின்னால் இழுத்து வரும் சக்கர வீட்டோடு தங்கியிருந்த ஆர்வில் என்ற பெரியவர், வேலி மாதிரி நின்ற புதர் மேலாக எட்டிப் பார்த்தார். "கை கொடுக்கட்டுமா, பசங்களா?"

"வேணாம் தாத்தா, நன்றி" என்றான் நெல்ஸ்.

அந்த வட்டாரத்தில் யார் எதைக் கொடுத்தாலும் இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்லி, மூன்றாவது தடவை வாங்கிக்கொள்வதுதான் மரியாதை. காபியானாலும் சரி, உதவியானாலும் சரி. ஆர்வில் கொஞ்சம் நேரம் விட்டு மறுபடி கேட்டார். மறுபடி வேண்டாம் என்றார்கள். மூன்றாவது தடவை அவர் சுத்தியலோடு புதரைச் சுற்றி வந்தேவிட்டார். "சரி, சரி, எந்த முளை சரியா இறங்கல? காட்டுங்க."

நெல்ஸ் தடுமாறினான். சிக்னே முளையை மார்போடு அணைத்துக்கொண்டாள். "மூணாவது தரமும் வேணாம், தாத்தா."

பெரியவருக்கு முகம் சுண்டிவிட்டது. வளர்த்தவளிடம் நியாயம் கேட்பது போல பிரிட்டாவைப் பார்த்தார். அவள் ஏரியில் ஏதோ தெரிவது போலக் கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளுக்குள் அவளுக்குப் பெருமை பொங்கியது. அதை முகத்தில் காட்டாமலிருக்கப் பெரும்பாடு பட்டாள்.

"சுத்தியல் மட்டும் குடுங்க. நாங்களே அடிச்சிட்டுத் தர்றோம்" என்றான் நெல்ஸ், கொஞ்சம் சமாதானமாக. அவர் கொடுத்துவிட்டுப் போனார்.

கூடாரம் எழுந்தது, வாசல் ஏரியைப் பார்த்தபடி. ஒரு பக்கம் உயரமாகவும் மறுபக்கம் தொய்ந்தும் நின்றது. முளை ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் சாய்ந்திருந்தது. பிரிட்டா மூன்று தடவை எழுந்து மூன்று தடவையும் உட்கார்ந்தாள்.

காட்டரிசி சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டிருந்தபோது காற்று வந்துவிட்டது. இருட்டத் தொடங்கும் நேரம். ஏரியிலிருந்து நேராக வாசலுக்குள் நுழைந்து கூடாரத்தை உப்ப வைத்தது. ஒரு முளை பிடுங்கிக்கொண்டு கயிற்றோடு பறந்தது. சிக்னேவின் கிண்ணம் கவிழ்ந்தது. பிரிட்டா எழுந்துவிட்டாள். இரண்டு எட்டில் போய் கூடாரத்தைத் திருப்பிப் போட்டுவிடலாம்; இல்லையென்றால் எல்லாவற்றையும் சுருட்டி வண்டியில் எறிந்துவிட்டு ஹைடியின் சோபாவுக்குப் போகலாம். அடுத்த வாரமே பனி வரும் என்று வானிலை அறிக்கை சொல்கிறது. இன்று விட்டால் வசந்த காலம் வரை கூடாரம் இல்லை. கை சாவியைத் தடவியது.

"அம்மா, நீ எதையும் தொடாதே!" என்று கத்தினான் நெல்ஸ். கூடாரத்தின் மேல் குப்புற விழுந்து அதைப் பிடித்துக்கொண்டிருந்தான். "வண்டியை மட்டும் கொண்டா! ரோட்டோரத்துல பனிக் காத்தைத் தடுக்க வேலி வெப்பீங்கல்ல, அந்த மாதிரி குறுக்க நிறுத்து!"

வருடக்கணக்கில் அந்த வேலிகளைத் தாண்டி லாரி ஓட்டுகிற பிரிட்டாவுக்கு அது தோன்றவில்லை. ஓடிப்போய் வண்டியை எடுத்தாள். ஏரிக்கும் கூடாரத்துக்கும் நடுவே வழக்கம்போல நூல் பிடித்தாற்போல நிறுத்தினாள்.

"ஐயோ, ஏரியே தெரியல! கோணலா நிறுத்தும்மா!" என்று முன்னால் நின்று குதித்தாள் சிக்னே.

பிரிட்டா வண்டியைப் பின்னால் எடுத்து மறுபடி நிறுத்தினாள்.

"இன்னும் கோணலா!"

"இதுக்கு மேல கோணலா நிறுத்தினா என் லைசென்ஸைப் புடுங்கிடுவாங்கடி!"

"இன்னும் கொஞ்சம்... ம், அப்படியே!"

வண்டியின் மூக்குக்கும் ஒரு பூர்ச்ச மரத்துக்கும் நடுவில் ஒரு ஆள் அகலத்துக்கு ஏரி தெரிந்தது. காற்று வண்டியில் மோதி இரண்டு பக்கமும் பிரிந்து போனது. நெல்ஸ் முளையைத் தேடி எடுத்து வந்து, ஆர்விலின் சுத்தியலால் அடித்தான். அது மற்ற எல்லாவற்றையும்விடக் கோணலாக இறங்கியது. ஆனால் இறங்கியது.

தூங்குவதற்கு முன் அந்த இடைவெளியில் ஒரு கப்பலின் விளக்குகள் மெதுவாக நகர்ந்தன. "அப்பா!" என்றாள் சிக்னே. ஐவரின் கப்பல் ஏரியின் மறு கோடியில் இருக்கிறது என்று பிரிட்டாவுக்குத் தெரியும். "கையை ஆட்டு. எந்தக் கப்பலா இருந்தாலும் அப்பாகிட்ட சொல்லிடுவாங்க" என்றாள். இரண்டு பிள்ளைகளும் ஆட்டினார்கள்.

காலையில் புல்லெல்லாம் உறைபனி. கூடாரம் அதே தொய்வோடு, அதே சாய்வோடு நின்றது. உள்ளே இரண்டு ஆரஞ்சுத் தொப்பிகள் போர்வைக்கு வெளியே தெரிந்தன. குறட்டை விட்டது எது என்று சொல்ல முடியவில்லை. பிரிட்டா வெளியே வந்து தன் வண்டி கோணலாக நிற்பதைப் பார்த்து நின்றாள்.

ஆர்வில் புதரைச் சுற்றிக்கொண்டு இரண்டு காபிக் கோப்பைகளோடு வந்தார். "ராத்திரி காத்துக்கு நானே தூங்கலம்மா. இது நிக்குதே! காபி குடிக்கிறீங்களா?"

"குடுங்க" என்று பிரிட்டா முதல் தடவையிலேயே வாங்கிக்கொண்டாள். பெரியவர் அசந்துபோனார்.

அவர் கண் வாசலோரத்து முளைமேல் விழுந்தது. "இது மட்டும் ரொம்பச் சாஞ்சிருக்கே, ஒரு தட்டு தட்டிடறேன்" என்று கோப்பையைத் தரையில் வைத்துவிட்டுக் குனிந்தார்.

பிரிட்டா காபியை ஒரு வாய் உறிஞ்சினாள். பிறகு பூட்ஸ் காலை நீட்டி, அவர் கைக்கும் அந்த முளைக்கும் நடுவில் வைத்தாள்.