பட்டனுக்குக் கீழே ஒரு கோடு

பெங்களூரு தொம்மலூரில் ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு, இன்னும் வார்க்காத பிளாஸ்டிக் பாகங்களின் முகத்தில் எங்கே தழும்பு விழும் என்று சொல்வது என் வேலை. உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் எப்படி ஓடும் என்று கம்ப்யூட்டர் படமாகக் காட்டும். நடுவில் ஓர் ஓட்டை இருந்தால் பிளாஸ்டிக் இரண்டாகப் பிரிந்து, சுற்றிவந்து, மறுபக்கம் சேரும். சேர்ந்த இடத்தில் மயிரிழை போல ஒரு கோடு நின்றுவிடும். அதை முன்கூட்டியே சொல்லத்தான் எனக்குச் சம்பளம்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு பழக்கம் உண்டு. ரிப்போர்ட்டில் கோடுகள் அதிகம் தெரிந்தால் வாடிக்கையாளர் ஆயிரம் கேள்வி கேட்பார். அதனால் எவ்வளவு மெல்லிய கோடுவரை காட்டுவது என்ற அளவைக் கொஞ்சம் குறைத்துவிட்டுப் படம் எடுப்போம். துடைத்துவிட்டாற்போல் இருக்கும். நானும் செய்தேன். மற்றவர்களைவிட நேர்த்தியாகவே செய்தேன், பாராட்டும் வாங்கினேன்.

அப்படி நான் துடைத்த ஒன்று, மிக்ஸியின் பளபளப்பான கறுப்பு முகப்பு. ஆனேக்கல் பக்கம் ஒரு தொழிற்கூடத்தில் அதை வார்த்தார்கள். அங்கே மெஷினுக்குச் சூடும் வேகமும் வைத்துக்கொடுப்பவர் ஓசூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருபவர். நான் அண்ணா என்று கூப்பிடுவேன். ஒருநாள் போன் செய்தார்.

“மேடம், பட்டனுக்குக் கீழ ஒரு கோடு நிக்குது. சூடு ஏத்திப் பாத்தேன், ஸ்பீடு ஏத்திப் பாத்தேன், போகவே மாட்டேங்குது. உங்க கம்ப்யூட்டர்ல வந்திருக்கான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க.”

சாப்பிடக் கிளம்பிக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டரில் முழுக் கோப்பைத் திறக்கச் சோம்பல். ரிப்போர்ட்டை மட்டும் புரட்டிவிட்டு, “அப்படி எதுவும் இல்லையேண்ணா, உங்க செட்டிங்கைப் பாருங்க” என்றேன், வாய் கூசாமல்.

அந்தப் பதில் தொழிற்கூடத்து நிர்வாகத்துக்குப் போதுமாக இருந்தது. கம்ப்யூட்டரே கோடு இல்லை என்கிறது, அப்படியானால் தப்பு ஆள்மேல்தான் என்று பழியை அவர் தலையில் கட்டி, அடுத்த வாரமே வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள்.

விஷயம் காதுக்கு வந்த அன்று பழைய கோப்பைத் திறந்து அளவை ஏற்றினேன். அவர் சொன்ன அதே இடத்தில் கோடு இருந்தது. மேலாளரிடம் சொன்னேன். “அச்சையே மாத்தப் போறாங்க, விடும்மா” என்றார். தொழிற்கூடத்துக்கு எழுதினேன், பதில் வரவில்லை.

அண்ணாவைப் போய்ப் பார்க்கத் தைரியம் வராமல் ஒரு மாதம் தள்ளிப்போட்டேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓசூர் பஸ் ஏறினேன். வீட்டில்தான் இருந்தார். அவர் மனைவி டீ கொண்டுவந்து வைத்தார். வேறு எங்கும் சேரவில்லையா என்று கேட்டேன்.

“கூப்பிடறாங்க மேடம், நான்தான் போகல. இத்தன வருசம் பண்ண வேல. எங்க தப்பு பண்ணேன்னு இன்னும் பிடிபடல. இன்னொருத்தர் மெஷின்ல எந்த தைரியத்துல கை வைக்கறது?”

இதை நான் எதிர்பார்க்கவில்லை. வேலை போன வருத்தத்தில் இருப்பார் என்று நினைத்துப் போயிருந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், அளவைக் குறைத்தது, கோப்பைத் திறக்காதது, எல்லாவற்றையும். சொல்லும்போதே அழுதுவிட்டேன். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் டீ தம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார்.

“அன்னைக்கே போன் பண்ணிக் கேட்டனே மேடம்” என்றார்.